கண்டலடியில் முகாம் வந்த காரணம்

பாலேந்திரா அண்ணையை நான் முதன்முதலில் கண்டது குட்மேய்ஸில் ஒரு நடைபாதையில். மனிதர் குனிந்து நின்று ஓர் இரும்புக் கம்பியின் நுனியில் காதை வைத்துக்கொண்டிருந்தார். மஞ்சள் மேற்சட்டை, கம்பளித் தொப்பி, காலடியில் திறந்து கிடந்த தண்ணீர்க் குழாய் மூடி. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். அவர் அசையவில்லை. இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு எழும்பி, தார் ரோட்டில் நீலச் சாயத்தால் ஒரு வட்டம் போட்டார். அந்த வட்டத்துக்கு நேர் கீழே குழாய் கசிகிறது என்று அர்த்தம். அடுத்த நாள் தோண்ட வருகிறவர்கள் வேறு இடத்தில் கைவைக்க வேண்டியிருக்காது. பத்து வருடத்துக்கு மேலாக அவருக்கு லண்டனில் இதுதான் வேலை.

நிலத்துக்குக் கீழே தண்ணீர் என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் அந்த மனிதரின் பிழைப்பு, அங்கேயும் இங்கேயும். பளையில் பிறந்து, பதினெட்டு வருடம் அரசாங்கத் தண்ணீர்ப் பகுதியில் குழாய்க் கிணறு அடிக்கும் குழுவுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். சண்டையோ இடப்பெயர்வோ டீசல் தட்டுப்பாடோ அவருடைய குழுவை முழுதாக நிறுத்தியதில்லை. ஆட்சி யாருடையதாக இருந்தால் என்ன, சனத்துக்குத் தாகம் எடுக்கத்தானே செய்யும் என்பார். 1994இல் வடமராட்சி கிழக்கில் கண்டலடி என்ற கடற்கரைக் கிராமத்துக்குத் தண்ணீர் பார்க்க மூன்று கிழமைக்கென்று போனவர், அந்த ஊர் மாப்பிள்ளையாகத்தான் திரும்பினார். மனைவி சிவகௌரி. 2011இல் இருவரும் அகதிகளாக இங்கே வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகள் இல்லை.

நான் சுவர்ணா. வெம்பிளியில் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக அகதி வழக்குகளுக்குக் கடதாசி எழுதுகிறவள். சட்டத்தரணி கையெழுத்து வைப்பார், எழுதுவது நான். எனக்கு மூக்குநுனியில் கோபம் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்வார்கள், அதில் பொய்யில்லை. பாலேந்திரா அண்ணையைப் பற்றி இப்போது கண்டலடி ஆட்கள் ஆளுக்கொரு விதமாகக் கதைக்கிறார்கள். அதிலே பாதிப் பேர் வழக்கு நாளன்று தீர்ப்பாய அறையில் இல்லை. நான் இருந்தேன். ஆகையால் நானே எழுதிவிடுகிறேன்.

கண்டலடி எப்படிப்பட்ட இடம் என்று முதலில் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கடல்நீரேரி, நடுவில் நடந்து கடக்கக்கூடிய அகலத்தில் ஒரு மணல் திட்டு. நாற்பத்திரண்டு வீடு, தென்னைகள், ஒரு பள்ளிக்கூடம், பள்ளிக்கூட வளவில் ஒரு கிணறு. துறைமுகம் இல்லை, சந்தி இல்லை, பஸ் ஒரு நாளைக்கு ஒன்று வந்தால் புண்ணியம். போர் முடிந்து மூன்று வருடம் கழித்து, அகதி முகாம்களில் இருந்த ஊர்ச்சனம் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, பள்ளிக்கூடத்தையும் கிணற்றையும் சுற்றி முட்கம்பி. உள்ளே ஆமி. வீடுகளில் இருந்த மற்றக் கிணறுகள் எல்லாம் உவர். குடிதண்ணீர் வேண்டுமென்றால் காலையும் மாலையும் முகாம் வாசலில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, வரிசையில் நின்று, வீட்டுக்கு இரண்டு குடம். இன்றைக்கும் அப்படித்தான்.

அந்த வரிசையில் பன்னிரண்டு வயதிலிருந்து நின்றவள் சிவரூபினி. வளர்ந்த பிறகு, கிணற்றை விடச் சொல்லி வெறுங்குடங்களோடு வாசலில் உட்கார்ந்த பெண்களில் அவளும் ஒருத்தி. ஆமிக்காரர் படம் எடுத்தார்கள். பிறகு வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். பதினோரு நாள் வைத்திருந்துதான் வெளியே விட்டார்கள். அதைப் பற்றி அவள் என்னிடம் சொன்னதை இங்கே எழுத மாட்டேன், அது அவளுடையது. 2022இல் லண்டன் வந்து சேர்ந்தாள். வயது இருபத்திரண்டு.

அவளுடைய வழக்கை நான்தான் கையில் எடுத்தேன். உண்மையான வழக்கு, தேதிகள் பொருந்துகின்றன, உடம்பில் அடையாளம் இருக்கிறது, வைத்தியரின் அறிக்கை இருக்கிறது. நேர்காணலுக்கு முதல் நாள் அவளுக்கு நான் சொன்ன புத்தி எல்லோருக்கும் சொல்வதுதான். "தெரிஞ்சதைச் சொல்லுங்கோ. தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லுங்கோ. ஊகிச்சு ஒண்டும் சொல்லக் கூடாது." நல்ல புத்தி என்றுதான் நினைத்தேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே போட வேண்டும் போல இருக்கிறது.

அரசாங்கத்தின் மறுப்புக் கடிதம் வந்தது. முப்பத்தோராவது பந்தி இப்படிச் சொன்னது. துறைமுகமோ ஓடுபாதையோ முக்கியமான வீதியோ இல்லாத, வடக்கின் ஓர் ஒதுக்குப்புறமான மணல் திட்டில், அதுவும் போர் முடிந்த பிறகு, ஒரு படைமுகாம் ஏன் கட்டப்பட்டது என்று உங்களிடம் கேட்கப்பட்டது. தெரியாது என்று பதில் சொன்னீர்கள். தினமும் இரண்டு தடவை அந்த முகாமுக்குப் போனதாகச் சொல்லும் ஒருவருக்கு அது தெரியாமல் இருப்பது நம்பத்தக்கதல்ல. வானத்திலிருந்து எடுத்த படத்தில் தென்னைகளும் ஒரு பள்ளிக்கூடக் கூரையும் மட்டுமே தெரிகின்றன. ஆகவே அப்படி ஒரு முகாம் இருந்ததாக நாங்கள் ஏற்கவில்லை. முகாம் இல்லையென்றால் கிணற்றுப் போராட்டமும் இல்லை, கைதும் இல்லை. ஒரு சொல்லில் முழு வழக்கும் போயிற்று.

நான் அவளைக் கூப்பிட்டு இருத்திக் கேட்டேன். "ஏன் பிள்ளை தெரியாது எண்டனீங்கள்?"

அவள் என்னை விளங்காதது போலப் பார்த்தாள். "அக்கா, மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒராள் ஆமியைப் பற்றிக் கேட்டால் வேறை என்ன சொல்லுறது?"

அவளுடைய தாய்க்கும் தகப்பனுக்கும் சோதனைச் சாவடிச் சென்றியில் நின்று பழகிய பதில் அது. இவனைத் தெரியுமா, தெரியாது. எங்கே போனான், தெரியாது. இது ஏன் இங்கே இருக்கிறது, தெரியாது. அந்தச் சொல்லைச் சொல்லித்தான் ஒரு தலைமுறை உயிரோடு வீடு வந்து சேர்ந்தது. என் பங்குக்கு நானும் அதையே சொல்லி அனுப்பியிருக்கிறேன். லண்டனில் அதை எழுதி எடுத்தவருக்கு அது பொய்க்காரியின் பேச்சாகத் தெரிந்திருக்கிறது.

மேன்முறையீட்டுக்கு ஒரு சாட்சி வேண்டும். கண்டலடியில் முகாம் இருக்கிறது, இன்ன காரணத்துக்காக இருக்கிறது என்று அறிந்து சொல்லக்கூடிய ஒருவர். லண்டனில் கண்டலடி மக்கள் ஒன்றியம் என்று ஓர் ஊர்ச்சங்கம் உண்டு. வருடத்துக்கு ஒரு பொதுக்கூட்டம், ஒரு ஒன்றுகூடல், ஊர்க்கோயில் திருவிழாவுக்கு ஒரு நாள் உபயம். தலைவர் யோகராஜா, குட்மேய்ஸில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். கடைக்கே போனேன்.

"அந்தப் பிள்ளை எங்கட ஊர் எண்டு கடிதம் தரலாம்," என்றார் யோகராஜா. "முகாம் கிகாம் எண்டு ஒண்டும் எழுத ஏலாது."

"முகாம் இருக்கோ இல்லையோ?"

"அதை ஏன் என்னட்டைக் கேக்கிறியள்? நாங்கள் ஒவ்வொரு வருசமும் திருவிழாவுக்குப் போய் வாறனாங்கள். எயாப்போட்டிலை மறிச்சால் நீங்கள் வந்து எடுப்பியளோ?"

கோபத்தில் நான் இரண்டொரு வார்த்தை கூடவே பேசிவிட்டுத்தான் வெளியே வந்தேன். கத்தரிக்காய் வாங்க வந்திருந்த ஒரு பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அது சிவகௌரி என்று எனக்கு அப்போது தெரியாது.

மூன்றாம் நாள் மத்தியானம், அதுவரை நான் நடைபாதையில் மட்டுமே கண்டிருந்த பாலேந்திரா அண்ணை எங்கள் அலுவலகத்துக்கு வந்தார், வேலை உடுப்போடு, சப்பாத்தில் சேறோடு. கதிரையில் இருக்கவில்லை.

"கடையிலை நடந்ததை என்ரை மனுசி வந்து சொன்னவ. அந்த முகாம் ஏன் அங்கை வந்தது எண்டு எனக்குத் தெரியும், தங்கச்சி."

"எப்படி அண்ணை?"

"எழுதுங்கோ, சொல்லுறன்."

அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சுச் செய்தேன். கடலோர மணலுக்குக் கீழே மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கும். எல்லா இடத்திலும் இல்லை. அந்தக் கரையில் முப்பது மைல் நீளத்துக்கு அவருடைய குழு துளைபோட்டுப் பார்த்ததில், ஐந்நூறு பேருக்கு வருடம் முழுக்கப் போதக்கூடிய நல்ல தண்ணீர் நின்றது ஓர் இடத்தில்தான். கண்டலடிப் பள்ளிக்கூட வளவு. இருபத்திரண்டு அடி ஆழம். கூரை போட்ட கட்டடமும் பக்கத்திலேயே இருந்தது. முகாமுக்கு வேறு என்ன வேண்டும்?

நான் உற்சாகமாகத் தட்டிக்கொண்டே போனேன். இது போதும், தண்ணீர்ப் பகுதியில் வேலை செய்தவர், அறிந்தவர், இதற்கு மேல் என்ன என்று நினைத்தேன். அப்போது அவர் தொப்பியைக் கழற்றினார்.

"மிச்சத்தையும் எழுதுங்கோ. 2010 ஆடி மாதம் ஆமிக்காரர் என்னை அகதி முகாமிலையிருந்து ஜீப்பிலை ஏத்திக்கொண்டு போனவை. பெரிய வரைபடம் ஒண்டை விரிச்சு, இந்தக் கரையிலை தண்ணி எங்கை எண்டு கேட்டவை. பக்கத்து ஊரிலை ஆஸ்பத்திரிக்குள்ளைதான் அவை இருந்தவை. இடம் காட்டினால் ஆஸ்பத்திரியைச் சனத்துக்கு விடுவம் எண்டு சொன்னவை. நான் கண்டலடியிலை விரல் வைச்சனான்."

தட்டச்சை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக் கேட்டேன்.

"ஆஸ்பத்திரியை விட்டவையோ?"

"இல்லை. ரெண்டையும் வைச்சிருக்கினம்."

"வீட்டிலை அக்காவுக்குத் தெரியுமோ?"

"பம்ப் திருத்தக் கூட்டிக்கொண்டு போனவை எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். பதினைஞ்சு வருசம்."

மனைவியின் ஊர்க் கிணற்றைக் காட்டிக்கொடுத்துவிட்டு அதே மனைவியோடு பதினைந்து வருடம் ஒரே கோப்பையில் தேத்தண்ணீர் குடித்த மனிதர் என் முன்னால் நின்றார். எனக்கு அருவருப்பாக இருந்தது என்று சொன்னால் அது பொய்யில்லை. இரக்கமும் இருந்தது. இரண்டையும் ஒதுக்கிவிட்டு, என் தொழிலுக்குரிய புத்தியைச் சொன்னேன். முதல் பகுதி போதும், அண்ணை. தண்ணீர் இருந்தது, அதனால் முகாம் வந்தது. அதோடு நிறுத்தலாம். விரல் வைத்த கதை வெளியே வந்தால் ஊர்ச்சனம் உங்களைத் துரோகி என்பார்கள். உங்களுடைய சொந்த அகதி வழக்கில் இதை மறைத்தீர்கள் என்று அரசாங்கத் தரப்பும் பிடிக்கும்.

"தண்ணி இருந்தது எண்டு சொன்னால், அதுக்காகத்தான் வந்தவை எண்டு உமக்கு எப்படித் தெரியும் எண்டு கேப்பினம். அப்ப நான் என்ன சொல்ல? தெரியாது எண்டோ?" குரல் உயர்ந்தது. "அந்தச் சொல்லை நான் விட்டிட்டன், தங்கச்சி. அந்தப் பிள்ளையை அது திருப்பி அனுப்பப் போகுது. எழுதுங்கோ முழுசா. என்னை ஆரும் என்னவும் சொல்லட்டும்."

எழுதினேன். வாசித்துக் காட்டினேன். கையெழுத்து வைத்தார். வீட்டில் எப்போது சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, அதை நான் பார்க்கிறேன் என்றார்.

வழக்கு நாள் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு. ஏஞ்சல் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் தீர்ப்பாயம். ஊர்ச்சங்கத்தின் பெயரை யார் இழுக்கிறார்கள் என்று பார்க்க யோகராஜா வந்திருந்தார். பின் வரிசையில் சிவகௌரியும் இருந்தார். பாலேந்திரா அண்ணை சாட்சி என்பதால் வெளியே காத்திருந்தார். நான் அவரிடம் போய் மெதுவாகக் கேட்டேன்.

"அக்காட்டைச் சொல்லிப்போட்டியளோ?"

"இல்லை. நான்தான் வரச்சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

"என்ன அண்ணை இது? இப்பிடியோ அவ அறியவேணும்?"

"வீட்டிலை சொன்னால் அவ அழுவா, நான் பாதியை விழுங்கிப்போடுவன். மூண்டு தரம் சொல்ல வெளிக்கிட்டு மூண்டு தரமும் விழுங்கினனான். இஞ்சை விழுங்க ஏலாது."

கோழைத்தனமா துணிச்சலா என்று எனக்கு இன்னமும் தீர்மானிக்க முடியவில்லை. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

அவருக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். ஆனாலும் தமிழில்தான் சொல்வேன் என்று நின்றார். மொழிபெயர்ப்பாளர் நரசிம்மன், கும்பகோணத்துக்காரர், பொறுமையான மனிதர். அரசாங்கத் தரப்பில் வந்தவர் ஓர் இளைஞர், கண்ணியமாகத்தான் பேசினார், ஆனால் விடுகிறவர் இல்லை. அவர் கேட்பதை நரசிம்மன் தமிழாக்கினார்.

"சண்டையே முடிஞ்சுபோச்சு. எதிரின்னு யாரும் இல்ல. அந்த மாதிரி ஒதுங்கின இடத்துல ராணுவம் எதுக்காக முகாம் கட்டணும்னு கேக்குறார் ஐயா."

"சண்டை நடக்கேக்கை ஆமிக்குக் கிணறு தேவையில்லை," என்றார் பாலேந்திரா அண்ணை. "பவுசரிலை தண்ணி கொண்டு வருவினம், அடிபடுவினம், போவினம். போகாமல் இருக்க வந்தவைக்குத்தான் கிணறு வேணும். கண்டலடியிலை முகாம் கட்டினது ஆரோடையும் அடிபட இல்லை. இருக்கிறதுக்கு. கிணத்தை வைச்சிருந்தால் சனமும் ஒவ்வொரு நாளும் தானாய் வந்து வாசலிலை நிக்கும். ஆளை எண்ண வீடு வீடாய்ப் போகத் தேவையில்லை."

நீதிபதி அம்மா எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"இடத்தைக் காட்டினது நீங்கதான்னு உங்க வாக்குமூலத்துல இருக்கு. அது சரிதானான்னு கேக்குறார்."

"ஓம். நான்தான் காட்டினனான்."

தீர்ப்பாயத்தில் மொழிபெயர்ப்பாளர் சாட்சியின் பதிலை 'அவர் சொல்கிறார்' என்று மாற்றிச் சொல்லக் கூடாது. சாட்சி 'நான்' என்றால் அவரும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். நரசிம்மன் இடத்தைக் காட்டியது நான் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கே கஷ்டமாக இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின் வரிசையில் ஒரு கதிரை சத்தம் போட்டது.

"இந்தப் பொண்ணுக்கு உதவுறதுக்காக நீங்க கட்டின கதை இதுன்னு சொல்றார் ஐயா. உங்க பதில் என்ன?"

பாலேந்திரா அண்ணை நரசிம்மனைப் பார்க்காமல் அந்த இளைஞரையே நேராகப் பார்த்தார். "கதை கட்டுறதெண்டால் என்னை நல்லவனாய்க் கட்டியிருக்க மாட்டனோ?"

"உங்க சொந்தக் கேசுல இதைச் சொல்லலையே, ஏன்?"

"ஆமிக்காரர் உம்மை ஏன் கூட்டிக்கொண்டு போனவை எண்டு அண்டைக்கு என்னட்டையும் கேட்டவை. தெரியாது எண்டனான். எழுதிப்போட்டு விட்டிட்டினம். அதே சொல்லைத்தான் இந்தப் பிள்ளையும் சொன்னது. எனக்கு விசா தந்தவை, அவளைப் பொய்க்காரி எண்டினம். எங்கட சனம் தெரியாமல் தெரியாது எண்டு சொல்லுறேல்லை ஐயா. தெரிஞ்சதாலைதான் சொல்லுறது. என்னை என்ன செய்யிறதெண்டாலும் செய்யுங்கோ. அவள் சொன்னது உண்மை."

வேறு கேள்வி இல்லை என்று அந்த இளைஞர் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே தாழ்வாரத்தில் யோகராஜா பாய்ந்து வந்தார். துரோகி என்ற சொல்லை அவர் ஐந்து தரம் சொன்னார். ஐந்தாவது தரம் காவலாளி வந்து சத்தம் போடாதீர்கள் என்றார். பாலேந்திரா அண்ணை தலையைக் குனியவில்லை. அவருடைய கண்கள் சிவகௌரியைத் தேடின. சிவகௌரி அவரைக் கடந்து, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, படியால் இறங்கிப் போனார். அன்றிலிருந்து ஐந்து கிழமை அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது, சோறு வந்தது, கதை மட்டும் இல்லை. இதை அண்ணையே பிறகு என்னிடம் சொன்னார். கம்பியில் காதை வைத்து ஊர்க் குழாயெல்லாம் கேட்கிறேன், என் வீட்டுக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்கவில்லை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

ஐந்தாவது கிழமை தீர்ப்பு வந்தது. சிவரூபினி வென்றாள். முகாம் இருக்கிறது, அது அங்கே இருப்பதற்குக் காரணம் தண்ணீர், இடத்தைக் காட்டியவரே அதைத் தனக்குப் பாதகமாக வந்து சொல்லியிருக்கிறார், ஆகவே நம்புகிறேன் என்று நீதிபதி எழுதியிருந்தார். நான் போனில் வாசித்துக் காட்டியபோது சிவரூபினி இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னாள். பிறகு, "அக்கா, இனி நான் பேசலாமோ?" என்று கேட்டாள். பேசலாம் பிள்ளை என்றேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊர்ச்சங்கத்தின் பொதுக்கூட்டம், லூயிஷாமில் ஒரு தேவாலய மண்டபத்தில். சிவரூபினி அன்று காலைதான் படிவம் நிரப்பி உறுப்பினர் ஆகியிருந்தாள். தனியாகப் போகப் பயம் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நான் வெளியாள், எனக்கு வாக்கும் இல்லை, வாயும் இல்லை. பின்னால் இருந்தேன். வாய் இல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் யோகராஜா எழுந்தார். பாலேந்திராவைச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டும் என்றார். அறுபது பேர் அளவில் இருந்தார்கள், பலர் தலையாட்டினார்கள். செயலாளர் றஜீவ் கூட்டக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து பேனாவை எடுத்தார். அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதி ஒவ்வொரு வருடமும் ஊரில் இருக்கும் கிளைக்குப் போகும். அங்கே அது ஆமியின் கைக்கும் போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

பாலேந்திரா அண்ணை எழுந்து நின்றார். "நீக்குங்கோ. நான் செய்தது பிழை. மறுக்க வரேல்லை. ஆனால் என்ன காரணத்துக்காக நீக்கினது எண்டு புத்தகத்திலை எழுதுங்கோ."

றஜீவ் தலைவரைப் பார்த்தார். "என்னண்டு எழுத, அண்ணை?"

"ஒழுக்கக் கேடு எண்டு போடும்," என்றார் யோகராஜா.

"என்ன ஒழுக்கக் கேடு?" பாலேந்திரா அண்ணை விடவில்லை. "குடிச்சுப்போட்டு வந்தனானோ? ஆற்றையேன் வீட்டு மதில் ஏறிக் குதிச்சனானோ? விளக்கமாய்ப் போடுங்கோ."

யாரோ சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டார்கள்.

"ஊருக்கு எதிராய் நடந்தவர் எண்டு போடும்."

"எப்பிடி எதிராய்? ஆமிக்கு இடம் காட்டினதெண்டு எழுதுங்கோ. எந்த இடம் எண்டும் எழுதுங்கோ. அது இப்ப ஆற்றை கையிலை இருக்கெண்டும் எழுதுங்கோ."

றஜீவின் பேனா தாளுக்கு மேல் அப்படியே நின்றது. அவரை நீக்க வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் முகாம் இருக்கிறது என்று சங்கம் தன் கையாலேயே எழுதியதாகிவிடும். பதின்மூன்று வருடமாகத் திருவிழாவுக்குப் போய், பொங்கிப் படைத்து, முகாம் வாசலைக் கடந்து வரும்போது மட்டும் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் எல்லோரும் அப்போது தங்கள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நாக்கு அரித்தது. கடித்துக்கொண்டிருந்தேன்.

பெண்கள் பக்கத்தில் சிவகௌரி எழுந்தார். மண்டபம் முழுக்கத் திரும்பியது. அவர் கணவரைப் பார்க்கவில்லை, றஜீவைத்தான் பார்த்தார்.

"எழுதும் தம்பி. இந்தாள் செய்ததுக்கு நான் வீட்டிலை கேப்பன். அது என்ரை பாடு, உங்களுக்கு அதிலை வேலையில்லை. நீர் இதை எழுதும். எங்கட பள்ளிக்கூடத்துக் கிணத்தைச் சுத்தி ஆமி முகாம் இருக்கு. நல்ல தண்ணி எண்டபடியால் வந்தவை. இடத்தைக் காட்டினவர் என்ரை புருசன். அவர் காட்டினது ஒரு நாள். தெரிஞ்சுகொண்டு பதின்மூண்டு வருசம் பேசாமல் இருந்தது நாங்கள் எல்லாரும். என்னையும் சேர்த்து எழுதும்." அவர் கையை நீட்டிப் புத்தகத்தைக் காட்டினார். "கிணத்தைச் சனத்திட்டைத் திருப்பித் தரவேணும் எண்டு இந்தச் சங்கம் கேக்குது. தீர்மானம். நான் முன்மொழியிறன்."

பாலேந்திரா அண்ணை கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுகிறார் என்று தோள்களில் தெரிந்தது. யாரும் அவரைப் பார்க்கவில்லை.

"முன்மொழிஞ்சது சரி," என்றார் யோகராஜா. "வழிமொழிய ஆள் வேணும். ஆளில்லாட்டித் தீர்மானம் இல்லை." அவர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை என்று கண்டதும் அவர் முகத்தில் நிம்மதி வந்தது. "அப்ப சாப்பாட்டுக்குப் போவம்."

என் பக்கத்துக் கதிரை பின்னால் தள்ளப்பட்டது. சிவரூபினி எழுந்து நின்றாள்.

"நான் வழிமொழியிறன்."

யோகராஜாவின் குரல் இறங்கியது. இந்த முறை அதில் மிரட்டல் இல்லை, உண்மையான பயம்தான் இருந்தது. "பிள்ளை, யோசிச்சுப் பேசு. உன்ரை கொம்மாவும் கொப்பரும் அங்கை இருக்கினம். உன்ரை பேர் ஆமியின்ரை கைக்குப் போகும்."

"அவையின்ரை பேரை அங்கை ஒவ்வொரு நாளும் ரெண்டு தரம் எழுதுகினம், மாமா. குடத்தோடை வரிசையிலை நிக்கேக்கை." அவளுடைய குரல் நடுங்கவில்லை. "கூட்டத்திலை முகாமைப் பற்றிக் கதைக்கட்டோ எண்டு நேற்றுப் போன் எடுத்துக் கேட்டனான். அம்மாதான் சொன்னவ, எழும்பி நிண்டு சொல்லு எண்டு."

றஜீவ் பேனாவைத் தாளில் வைத்தார். "முழுப் பேர்?"

அவள் தன் பெயரைச் சொன்னாள், தகப்பன் பெயரைச் சொன்னாள், ஊர் கண்டலடி என்றாள். றஜீவ் எழுதினார்.